லோஷ் கோட்டை நகரத்தை ஒரே நாளில் முறையாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஷாம்போர், ஷெனோன்சோ என்று இரண்டு மாளிகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டை என்றால் முற்றுகை நடந்திருக்க வேண்டும், சிறை இருக்க வேண்டும், மதிலுக்குக் கீழே ஓர் ஊரும் அதில் இன்றும் குடித்தனம் நடத்தும் ஆட்களும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் லோஷ் போங்கள்.

தூர் நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், ஆந்த்ர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். ஊரின் நடுவே நீளவாக்கில் ஒரு பாறைமேடு. அதைச் சுற்றி ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்கு மதில். மேட்டின் தெற்கு முனையில் 11-ஆம் நூற்றாண்டின் கோட்டைக் கோபுரம். வடக்கு முனையில் 14, 16-ஆம் நூற்றாண்டுகளின் அரச மாளிகை. நடுவில் தேவாலயம். பொடிநடையாகப் போனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம் ஆகாது.

இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான். தெற்கில் தொடங்கி வடக்கில் முடியுங்கள். பலர் மாளிகையை முதலில் பார்த்துவிட்டு, களைத்துப்போன கால்களோடு கோபுரத்துக்கு வருகிறார்கள். நேர்மாறாகப் போனால் காலவரிசை தானாக அமையும். படியேறும் வேலையும் தெம்பு இருக்கும்போதே முடிந்துவிடும்.

புறப்படும் முன்

முதலில் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘லோச்சஸ்’ என்று வாயில் வரும். டிக்கெட் கவுன்டரில் அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் விழிப்பார். ‘லோஷ்’, அவ்வளவுதான். ‘தூர்’ நகரப் பெயரிலும் கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது.

கிழமை முக்கியம். புதன், சனி காலைகளில் கீழூரில் சந்தை கூடும். இந்த இரண்டில் ஒரு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபுரமும் மாளிகையும் ஜனவரி 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களில் மூடியிருக்கும்; குளிர்காலத்தில் சீக்கிரமே கதவடைப்பார்கள். அன்றைய நேரத்தையும் கட்டணத்தையும் கோட்டையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது உத்தமம். கோபுரத்துக்கும் மாளிகைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். காலையில் வாங்கினால் மாலைவரை பத்திரமாக வைத்திருங்கள், மாளிகை வாசலில் மறுபடி கேட்பார்கள்.

காலுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ. தெருக்கள் கருங்கல் பாவியவை, சரிவானவை. லேசாகத் தூறினாலே வழுக்கும்.

பாரிசிலிருந்து போய்ச் சேர்வது

பாரிசின் மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் தூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல அதிவேக ரயில்கள் தூர் நகரத்துக்குள் நுழையாமல், பக்கத்தில் சேன் பியேர் தே கோர் என்ற நிலையத்தில் நின்றுவிட்டு அப்படியே போய்விடும். அங்கே இறங்கி, இணைப்பு ரயிலில் ஐந்து நிமிடம் பயணித்தால் தூர் மத்திய நிலையம்.

தூரிலிருந்து லோஷுக்குச் சிறு ரயில், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நாளுக்குச் சில நடைகள்தான். அவற்றிலும் சில ரயிலே அல்ல, பேருந்து. கால அட்டவணையில் ‘கார்’ என்று போட்டிருந்தால் யாரோ டாக்சி அனுப்புகிறார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பிரெஞ்சில் அதற்குத் தொலைதூரப் பேருந்து என்று பொருள். நடைமேடையில் ரயிலுக்காகக் காத்திருந்து, நிலையத்துக்கு வெளியே நின்ற அந்தப் பேருந்தைத் தவறவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. அதனால் சொல்கிறேன்: போகும் டிக்கெட்டுக்கு முன்பாகத் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும்.

முதல் படி: ஆற்றங்கரையில் பத்து நிமிடம்

லோஷ் நிலையம் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. இறங்கியதும் நேராக ஊருக்குள் போகாமல், ஆற்றோரப் பொதுப் பூங்காவுக்குப் போங்கள். எதிரே மேட்டின் மேல் மாளிகையும் தேவாலயத்தின் கூர்நுனிகளும் வரிசையாகத் தெரியும். காலை வெயில் அந்தப் பக்கமாக விழுவதால் தூஃபோ என்னும் இந்த வட்டாரத்து வெண்சுண்ணக்கல் பாலாடை நிறத்தில் இருக்கும். ஊரின் முழு உருவத்தை இங்கே மனதில் வாங்கிக்கொண்டால், பிறகு சந்துகளில் திசை தடுமாறாது.

பூங்காவிலிருந்து பக்கம்தான் போர்த் தே கொர்தெலியே என்ற நகர வாயில். அந்தக் காலத்தில் கீழூரையும் சுற்றி மதில் இருந்தது. அதன் வாயில்களில் இன்று எஞ்சியிருப்பவை இதுவும் போர்த் பிக்குவாவும். போர்த் பிக்குவாவை ஒட்டியே 16-ஆம் நூற்றாண்டு நகர மன்றக் கட்டடம் நிற்கிறது. பழைய வாயிலுக்குத் தோள் கொடுப்பதுபோல் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். கூரைகளுக்கு மேலே தனியாக எட்டிப் பார்க்கும் சேந்த் அந்துவான் கோபுரம் ஊரின் மணிக்கூண்டு.

சந்தை நாளாக இருந்தால் இங்கே ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாங்கவேண்டியது சேந்த் மோர் த தூரேன் என்ற ஆட்டுப்பால் சீஸ். சாம்பல் பூசிய கறுத்த உருளை. வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். உருளையின் நடுவே ஒரு வைக்கோல் தண்டு ஓடும். சீஸ் உடையாமல் தாங்கவும், நடுவில் காற்றுப் போகவும் அது உதவும். அந்தத் தண்டை எடுத்துப் பாருங்கள், அதன்மேல் பொடி எழுத்தில் எழுத்து பொறித்திருக்கும். அசல் சரக்கு என்பதற்கு அதுதான் சாட்சி. வெட்டுவதற்கு முன் தண்டை உருவிவிட வேண்டும். அப்படியே கத்தி வைத்தால் கடைக்காரரே பதறுவார்.

இரண்டாம் படி: தெற்கு முனை, கோபுரம்

ரூ து ஷாத்தோ தெரு வழியே மேலேறுங்கள். தெருவில் சான்சலரி என்ற மறுமலர்ச்சிக் கால வீட்டின் முகப்பைக் கடந்ததும் போர்த் ருவயால், அதாவது அரச வாயில். உள்ளே நுழைய டிக்கெட் வேண்டாம். மேட்டின் மேல் இன்றும் வீடுகள் உண்டு, துணி காயும், பூனைகள் மதிலில் படுத்திருக்கும். வாயிலைத் தாண்டியதும் வடக்கே போக இழுக்கும், போகாதீர்கள். ‘தொன்ஜொன்’, அதாவது கோட்டைக் கோபுரம், என்ற பலகையைப் பின்பற்றித் தெற்கே நடங்கள்.

கோபுரம் 36 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அதன் மொட்டைத்தனம். அலங்காரம் எதுவுமில்லை, சுவரோடு ஒட்டிய அரைவட்டத் தாங்குதூண்கள் மட்டும். கட்டியவர் ஆன்ஜூ பிரபு ஃபுல்க் நெரா. ‘நெரா’ என்றால் கறுப்பன். சுற்றுவட்டாரத்தில் கோட்டை மேல் கோட்டையாகக் கட்டி எதிரிகளை நெருக்கியவர். சண்டை போடுவது, பாவம் தீர ஜெருசலேமுக்கு யாத்திரை போவது, திரும்பி வந்து மறுபடி சண்டை என்று வாழ்ந்த மனிதர்.

இந்தக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இவ்வளவு பெரிய கற்கட்டுமானம் அதற்கு முன் சாத்தியமில்லை என்ற எண்ணம். 1990-களில், கட்டும்போது சுவருக்குள் மாட்டிக்கொண்டு தங்கிப்போன மரத்துண்டுகளின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, மரம் வெட்டிய காலம் 1013-க்கும் 1035-க்கும் இடைப்பட்டது என்று தெரியவந்தது. ஒரே அடியில் கோபுரத்துக்கு ஏறக்குறைய நூறு வயது கூடிவிட்டது. சுவரில் ஒழுங்கான இடைவெளியில் தெரியும் சதுர ஓட்டைகளைக் கவனியுங்கள்: கொத்தனார்கள் சாரம் கட்டிய ஓட்டைகள். ஆயிரம் வருடமாக அடைக்காமல் கிடக்கின்றன.

உள்ளே போனதும் பலர் ஏமாறுவார்கள், ‘ஒன்றுமே இல்லையே’ என்று. மரத்தாலான தளங்கள் எல்லாம் என்றோ போய்விட்டன. இப்போது அது மேலே வானம் தெரியும் கல்பெட்டி. ஆனால் அதுதான் வசதி. சுவரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அந்தரத்தில் தொங்கும் கணப்படுப்பு தெரிகிறதா? அங்கே ஒரு மாடி இருந்திருக்கிறது. உத்திரம் செருகிய குழிகளின் வரிசையைப் பாருங்கள், அது தளத்தின் மட்டம். இப்படி ஒவ்வொரு மாடியாக மனதில் கட்டிக்கொண்டே போகலாம். முதன்மைக் கோபுரத்துக்கான பழைய வழி தரைமட்டத்தில் இல்லை; முன்னால் ஒட்டியிருக்கும் சிறு கோபுரத்தில் ஏறித்தான் நுழைய வேண்டும். எதிரி கீழ்க்கதவை உடைத்தாலும் அதோடு முடியாது.

உச்சிவரை இரும்புப் படிகளும் நடைபாதைகளும் போட்டிருக்கிறார்கள். உயரம் என்றால் தலைசுற்றும் ஆட்கள் பாதியில் நின்றுவிடுவது நல்லது, படிகளின் இடுக்கு வழியே கீழே தெரியும். உச்சியிலிருந்து தெற்கு மதிலைப் பாருங்கள். அங்கே சில கோபுரங்கள் வட்டமாக இல்லாமல் பாதாம்பருப்பு போல முன்பக்கம் கூராக இருக்கும். கவண்பொறி எறியும் கல் நேராக மோதாமல் சறுக்கிப் போகவேண்டும் என்று செய்த வடிவம் அது.

கல் எறிய இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சிறைப்பட்டிருந்தபோது அவருடைய தம்பி ஜான் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சு மன்னர் பிலிப் அகஸ்டசுக்குத் தாரைவார்த்தார். 1194-இல் விடுதலையாகி வந்த ரிச்சர்டு மூன்றே மணி நேரத்தில் அதைப் பிடித்துவிட்டதாகச் சொல்வார்கள். பிலிப் விடவில்லை. நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1205-இல் கோட்டை பிரெஞ்சு அரசுக்கே வந்தது.

எல்லை நகர்ந்தபிறகு கோட்டைக்கு வேலை இல்லை. அதனால் சிறையானது. 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய வட்டக் கோபுரம், மார்த்தலே என்ற கட்டடம் இரண்டையும் அவசரப்படாமல் பாருங்கள். கூண்டுக் கதைகளை இங்கேதான் கேட்பீர்கள். பதினோராம் லூயி மன்னர் கைதிகளை நிமிர்ந்து நிற்கவும் முடியாத கூண்டில் அடைத்தார் என்று ஒரு வழக்கமான கதை உண்டு. லூயியின் ஆலோசகராக இருந்த ஃபிலிப் த கொமீன், அந்த மன்னர் இறந்தபின் தானே கூண்டுக்குள் எட்டு மாதம் இருந்தவர். அவர் தன் நினைவுக்குறிப்பில் கொடுக்கும் அளவு வேறு: அகலம் எட்டு அடி, உயரம் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் அடி. உள்ளே இருந்து அளந்தவர் சொல்வதை நான் நம்புகிறேன். எட்டு மாதம் என்பதே போதுமான கொடுமை, கூரையைத் தாழ்த்தவேண்டிய அவசியமில்லை.

மார்த்தலேயில் தவறவிடக்கூடாத அறை, மிலான் பிரபு லுதோவிக்கோ ஸ்ஃபோர்ஸாவின் சிறை. மிலானில் லியனார்தோ தாவின்சியை வைத்து ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைத் தீட்டச் சொன்னவர் இவர்தான். 1500-இல் பிரெஞ்சுப் படையிடம் பிடிபட்டு, 1504 முதல் இங்கே. உலகின் மிகப் பெரிய ஓவியனுக்குச் சம்பளம் கொடுத்த மனிதர், கடைசியில் தானே தூரிகை எடுத்து அறைச்சுவர்களில் நட்சத்திரங்களும் பீரங்கிகளும் தலைக்கவசமும் வரைந்தார். நன்றாக வரைந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. பொழுதுபோகாத ஒருவரின் கை அது. விளக்கொளியில் அந்தக் கோடுகளின் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 1508-இல் லோஷிலேயே இறந்தார். லியனார்தோ 1516-இல் பிரெஞ்சு மன்னரின் விருந்தினராக இங்கிருந்து முப்பத்தைந்து கி.மீ. தள்ளி அம்புவாசில் வந்து குடியேறினார். இருவரும் மறுபடி சந்திக்க எட்டு வருடம் பிந்திவிட்டது.

இன்னோர் அறையில், 1520-களில் அடைபட்டிருந்த இரண்டு ஆயர்கள் சுவரையே குடைந்து செய்த பலிபீடம் இருக்கிறது. வேறு கைதிகளின் கிறுக்கல்களும் நிறைய. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இது சிறையாகவே இருந்தது.

இந்த முனைக்கு இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும்.

சாப்பாடு

பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரைதான் உணவகங்களில் அடுப்பு எரியும். இரண்டரைக்குப் போய் உட்கார்ந்தால் காபி மட்டும் கிடைக்கும். கோபுரத்தில் நேரம் போனதே தெரியாமல் இருந்துவிட்டு, சந்தையில் வாங்கிய சீசையும் ரொட்டியையும் மதில் ஓரத்தில் உட்கார்ந்து தின்றது என் கதை. உண்மையில் அது மோசமான சாப்பாடு இல்லை.

சைவர்கள் கவனிக்க: இந்த வட்டாரத்தின் பெருமையான ரியெத், ரியோன் இரண்டும் பன்றி இறைச்சி. ‘சாலட்’ என்று எழுதியிருந்தாலும் ‘லார்தோன்’ என்ற பன்றித் துண்டுகளைத் தூவிவிடுவார்கள். ‘ஷ ந மான்ஷ் நி வியாந்த், நி புவாசோன்’ என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று பொருள். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் பெரும்பாலும் கிடைக்கும்.

மூன்றாம் படி: நடுவே, சேன்தூர்ஸ் தேவாலயம்

பெயர் காதில் விழும்போது நமக்குச் செந்தூர் ஞாபகம் வரும். பொருள் புனித ஊர்ஸ். அனுமதி இலவசம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மணிக்கூம்புகளுக்கு நடுவே மேலும் இரண்டு கூம்புகள். உள்ளே போய் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: அந்த இரண்டும் உள்ளீடற்ற எண்கோணக் கல்கூம்புகள். வழக்கமான வளைகூரைக்குப் பதிலாக 12-ஆம் நூற்றாண்டில் அப்படியே புனலைக் கவிழ்த்து வைத்ததுபோல் எழுப்பியிருக்கிறார்கள். வேறெங்கும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வாசல் மண்டபத்தின் விலங்குச் சிற்பங்களில் பழைய வண்ணத்தின் மிச்சமும் தெரியும்.

உள்ளே ஆக்னெஸ் சொரெலின் கல்லறை. ஏழாம் ஷார்ல் மன்னரின் காதலி. வெண்பளிங்குபோன்ற அலபாஸ்டர் கல்லில் படுத்திருக்கிறார். தலைமாட்டில் இரண்டு தேவதைகள், கால்மாட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். லத்தீனில் ஆட்டுக்குட்டி ‘ஆக்னுஸ்’. ஆக்னெஸ் என்ற பெயருக்குச் சிற்பி போட்ட சிலேடை.

1450-இல் இருபதுகளின் பிற்பகுதியில், பிரசவத்தை ஒட்டி இறந்தார். விஷம் வைத்தார்கள் என்று அப்போதே பேச்சு. 2005-இல் எச்சங்களை ஆராய்ந்தபோது ஏராளமான பாதரசம் இருந்தது உறுதியாயிற்று. கூடவே வயிற்றில் உருளைப்புழு இருந்ததும் தெரிந்தது. அந்தக் காலத்தில் குடற்புழுவுக்குப் பாதரசம் மருந்து. ஆக, மருந்து கொடுத்தவர் கை தவறியதா, வேண்டுமென்றே அள்ளிக் கொட்டினாரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அவர் இந்தத் தேவாலயத்துக்கு நிறையக் கொடுத்திருந்தார். ஷார்ல் இறந்தபின், ஆக்னெஸை வெறுத்த பதினோராம் லூயியை மகிழ்விக்க எண்ணிய பாதிரிமார்கள், ‘இந்தக் கல்லறையை வெளியே எடுத்துவிடலாமா?’ என்று கேட்டார்களாம். ‘எடுங்கள், அவள் கொடுத்ததையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்’ என்றாராம் மன்னர். கல்லறை அசையவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் நகர்த்தினார்கள், புரட்சியின்போது உடைத்தார்கள், பிறகு மாளிகையில் வெகுகாலம் இருந்து, 2005-இல் இங்கே திரும்பிவந்தது.

நான்காம் படி: வடக்கு முனை, அரச மாளிகை

இங்கே வந்ததும் வித்தியாசம் உறைக்கும். சன்னல்கள் பெரிதாகின்றன, சுவர்கள் மெலிகின்றன. முதல் பாதி 14-ஆம் நூற்றாண்டு இறுதி: இன்னும் கொஞ்சம் பயம் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டடம், கோபுரங்கள் உண்டு. அடுத்த பாதி 1500-ஐ ஒட்டியது: முழுக்க சொகுசு.

1429-இல் ஆர்லியான் முற்றுகையை முறியடித்த கையோடு ஜோன் ஆஃப் ஆர்க் ஷார்லைப் பார்க்க லோஷுக்கு வந்தார். முடிசூட்டிக்கொள்ள ரேன்ஸ் போகலாம், கிளம்புங்கள் என்று அவரை நெருக்கினார். பெரிய கூடத்தை அந்தச் சந்திப்போடு சேர்த்தே காட்டுகிறார்கள்.

என்னைக் கேட்டால் மாளிகையின் உயிர் ஆன் த பிரெத்தாஞ் அரசியின் சிறு வழிபாட்டு அறைதான். இரண்டு பேர் நின்றால் நெருக்கும் இடம். சுவர் முழுக்க எர்மின் என்ற சிறு விலங்கின் வால்நுனிகளும் முடிச்சிட்ட கயிறுகளும் கல்லில் செதுக்கியிருக்கின்றன. இரண்டும் அவருடைய சின்னங்கள். விரல் படாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள், சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு முடிச்சும் தனித்துத் தெரியும். அவருடைய கணவர் பன்னிரண்டாம் லூயி. ஸ்ஃபோர்ஸாவைப் பிடித்து அடைத்த மன்னர் அவரேதான். காலையில் பார்த்த அந்தச் சுவர் நட்சத்திரங்களும் இந்தக் கல்முடிச்சுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. இடையில் சில நூறு மீட்டர்.

நேரம் மிஞ்சினால் அரச வாயிலுக்கு அருகே 19-ஆம் நூற்றாண்டு ஓவியர் எம்மானுவேல் லான்சியே ஊருக்கு விட்டுச்சென்ற வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கீழூரின் சேந்த் அந்துவான் தேவாலயத்தில் 1999-இல் கிடைத்த இரண்டு ஓவியங்களைக் கரவாஜ்ஜியோ வரைந்தவை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நிபுணர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. மழை வந்தால் ஒதுங்கிப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: ஆற்றைத் தாண்டி

கால் ஒத்துழைத்தால், ரயிலுக்கு ஒன்றரை மணி நேரமாவது இருந்தால், பிரேரி து ருவா என்ற ஈரப் புல்வெளி வழியே எதிர்க்கரையின் பொலியூ லே லோஷ் ஊருக்கு நடங்கள். ஆந்த்ர் இங்கே பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. மரப்பாலங்கள், நாணல், மேயும் மாடுகள். பொலியூவின் மடாலயத்தைக் கட்டியவரும் ஃபுல்க் நெராதான். ஜெருசலேமில் இயேசுவின் கல்லறையை முத்தமிடக் குனிந்தபோது, அந்தக் கல்லில் ஒரு துண்டைப் பல்லால் கடித்து எடுத்துவந்து இங்கே வைத்தார் என்பது கதை. 1040-இல் யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில் மெட்சு நகரில் இறந்தார்; உடலைக் கொண்டுவந்து இந்த மடாலயத்தில் புதைத்தார்கள்.

திரும்பும்போது புல்வெளி நடுவில் ஒரு முறை நின்று பாருங்கள். இடது கோடியில் கோபுரம், வலது கோடியில் மாளிகை, நடுவே நான்கு கூம்புகள். மாலையில் வெயில் மேட்டுக்குப் பின்னால் இறங்குவதால் எல்லாம் கறுத்த நிழலுருவாகத் தெரியும். நிலையம் இந்தக் கரையில்தான், மறுபடி ஆற்றைத் தாண்டவேண்டியதில்லை. அட்டவணையில் ‘கார்’ என்று போட்டிருந்தால் மட்டும் நடைமேடைக்குப் போகாமல் வாசலிலேயே நில்லுங்கள்.